பழைய பள்ளிக்கூட செட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து முன்னாள் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி என்று நம்ம பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள் ஒன்றுகூடல் வைக்க நினைத்ததும் கேட்கிற கேள்விகள் இவை. வகுப்புத் தோழர்களுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப் போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பள்ளியின் பெயர் எதுவும் இதில் இல்லை, எந்தப் பள்ளியானாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

கையில் நாலு பேர் நம்பர்தான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாலு பேர் தாராளம். ஆனால் அந்த நாலு பேரும் உடனே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, தெரிந்தவர்களை எல்லாம் சேர்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே தெருக்காரர்கள், ஒரே பெஞ்சுக்காரர்கள், ஓசூரிலும் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருப்பவர்கள் மட்டும் அறுபது பேர் சேர்வார்கள், அதையே "நம்ம செட் முழுக்க வந்தாச்சு" என்று சொல்லிக்கொள்வார்கள். வந்திருக்காது. நம்ம பக்கத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் பத்தாவது பரீட்சையே எழுதவில்லை. ஆடு மேய்க்கப் போனவன், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள், எட்டாவது முடிந்த கோடை லீவிலேயே கல்யாணமாகிப் போனவள் எல்லோரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தானே?

அதனால் முதலில் பட்டியல், அப்புறம்தான் குரூப். பட்டியலைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விவரத்திலிருந்து எடுக்காதீர்கள், பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். இதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க விடுவார்களா?

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்த ஆண்டு செட், எதற்காகப் பட்டியல் வேண்டும், யார் பொறுப்பு என்று ஒரு பக்கக் கடிதம், கீழே மூன்று நாலு பேர் கையெழுத்து, போதும். ஜூன் மாத அட்மிஷன் நேரத்திலும் மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வு நேரத்திலும் போய் நிற்காதீர்கள், யாராக இருந்தாலும் எரிச்சல்தான் வரும். வருகைப் பதிவேடு பழையதெல்லாம் கிடைக்காது, சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம் என்பதால் பெரும்பாலும் பீரோவில் இருக்கும். ஓரம் பூச்சி அரித்து, தாள் முறுக்கு மாதிரி நொறுங்கும், ஆகவே பக்கத்தை நீங்கள் புரட்டாமல் எழுத்தரையே புரட்டச் சொல்லுங்கள்.

ஒன்று முக்கியம். பக்கத்தை போட்டோ எடுத்து குரூப்பில் போடவே போடாதீர்கள். அதில் சாதி இருக்கும், அப்பா என்ன தொழில் செய்தார் என்று இருக்கும், படிப்பை ஏன் நிறுத்தினார் என்றுகூடச் சில பள்ளிகளில் எழுதியிருப்பார்கள். முப்பது வருடத்துக்கு அப்புறம் அதையெல்லாம் நாலு பேர் படித்துச் சிரிக்கவோ எண்ணிப் பார்க்கவோ நாம் வழி செய்யக் கூடாது. பெயர், அப்பா பெயர், ஊர், சேர்ந்த வருடம், இந்த நாலை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பிறந்த தேதியை நம்பித் தேடாதீர்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த காலம் அது, தேதியை வாத்தியார் போட்டதுதான். பட்டியலைப் பாருங்கள், பாதிப் பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்திருப்பார்கள். ஜூன் 1ஆம் தேதி குரூப்பைத் திறந்தால் கேக் படமாகக் கொட்டும்.

ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருக்கிறார்களே?

இருப்பார்கள். தர்மபுரி பக்கம் ஒரு வகுப்பில் மாதேஷ், மாதையன், மாது என்று ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கும், அப்புறம் முனியப்பன், சின்னசாமி, கோவிந்தன். இனிஷியலும் உதவாது, எம். மாதேஷே மூன்று பேர் இருப்பான். வகுப்பில் நாம் எப்படிக் கூப்பிட்டோமோ அப்படியே தேடுங்கள்: பெல்ரம்பட்டி மாதேஷ், பஞ்சப்பள்ளி மாதேஷ், மாரண்டஅள்ளி மாதேஷ். ஊருக்குப் போய் டீக்கடையில் ஊர்ப்பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னால் அஞ்சு நிமிஷத்தில் "ஓ, அவனா, இப்ப ராயக்கோட்டையில தக்காளி மண்டியில இருக்கான்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஃபேஸ்புக்கில் இரண்டு நாள் தேடினாலும் அது கிடைக்காது. பட்டப்பெயரையும் கேட்டு வையுங்கள், தேடுவதற்கு மட்டும். மேடையில் மைக்கில் சொல்வதற்கு அல்ல.

பெண்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

எல்லா செட்டிலும் இதே புலம்பல்தான். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிவிடும், ஊர் மாறிவிடும், குப்பம், கோலார், திருப்பத்தூர், சேலம் என்று எங்கெங்கோ போயிருப்பார்கள், போன் நம்பர் பல வீடுகளில் கணவர் பெயரில் இருக்கும். ஆண்கள் போய் விசாரித்தால் ஊரில் வேறு மாதிரிப் பேச்சு வரும், மறைக்க என்ன இருக்கிறது, வரத்தான் செய்யும்.

பெண்களைத் தேடுகிற வேலையைப் பெண்களிடம் கொடுங்கள். ஒரே ஒரு தோழி கிடைத்தால் போதும், அவளுக்குப் பத்துப் பேர் அம்மா வீடு தெரியும். மாரியம்மன் பண்டிகைக்கும் பொங்கலுக்கும் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள், தேடுவதற்கு அந்த வாரம்தான் தோது. அண்ணன், தம்பி அதே பள்ளியில் வேறு செட்டில் படித்திருந்தால் இன்னும் சுலபம்.

நம்பர் கிடைத்ததும் நேராக குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். முதலில் தோழி ஒருத்தி பேசட்டும், விருப்பமா என்று கேட்கட்டும். குரூப்பில் வேண்டாம், நாளன்று மட்டும் வருகிறேன் என்றால் அதுவும் சரி. ஆண்கள் இல்லாத குரூப் தனியாக வேண்டும் என்று கேட்டால் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரவைக்க இன்னொரு விஷயம் நேரம். சாயந்திரம் ஆறு மணிக்கு மண்டபத்தில் விழா என்று போட்டால், கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் எப்படி வருவாள்? காலை பத்துக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடித்துவிடுங்கள். குழந்தையையோ, பேரனையோ, துணைக்கு நாத்தனாரையோ கூட்டி வரலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள்.

என் டி.சி.யில் தர்மபுரி மாவட்டம் என்று இருக்கிறது, பள்ளி இருப்பதோ கிருஷ்ணகிரியில். நான் எந்த மாவட்டத்து ஆள்?

குழப்பமே வேண்டாம். சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2, தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. உங்கள் அப்பா சான்றிதழில் சேலம், உங்களுடையதில் தர்மபுரி, உங்கள் மகனுடையதில் கிருஷ்ணகிரி என்று இருந்தாலும் மூன்று பேரும் ஒரே வேப்பமரத்தடியில் படித்திருக்கலாம். கல்வித்துறையில் பழைய ஆவணம் எதையாவது தேடும்போது மட்டும் இதை நினைவில் வைத்து, பழைய மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எந்த வருட செட் என்று எப்படிக் கணக்கிடுவது? சிலர் பதினோராவது எஸ்.எஸ்.எல்.சி. என்கிறார்கள், சிலர் பிளஸ் டூ என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் வகுப்பு 1978இல் தொடங்கியது, முதல் பிளஸ் டூ செட் 1980இல் தேர்வு எழுதியது. அதற்கு முன்னால் பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் பி.யூ.சி. ஒரு வருடம். அந்தக் காலத்து ஆட்களிடம் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் சின்னப் புத்தகமாகவே இருக்கும், அங்க அடையாளமெல்லாம் எழுதியிருக்கும். உயர்நிலைப் பள்ளியாக இருந்தது மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்த வருடமும் ஊருக்கு ஊர் வேறுபடும், பத்தாவதோடு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாறியவர்கள் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்பார்கள்.

என் யோசனை, முடித்த வருடத்தை விடுங்கள், ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடத்தை வைத்து செட்டைக் கணக்கிடுங்கள். ஒரு வருடம் ஃபெயிலாகி அடுத்த வகுப்போடு உட்கார்ந்தவனுக்கு இரண்டு செட்டும் சொந்தம், அவன் இரண்டுக்கும் வரட்டுமே.

நான் பத்தாவது ஃபெயில். இப்போது லாரி ஓட்டுகிறேன். வந்தால் நன்றாக இருக்குமா?

வாங்க. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஏற்பாடு செய்கிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று யோசியுங்கள். எல்லோரும் வரிசையாக மைக்கைப் பிடித்து "நான் இன்ன கம்பெனியில் மேனேஜர், மகன் அமெரிக்காவில்" என்று அறிமுகம் செய்துகொள்கிற விழாவை அவர் எங்கோ பார்த்திருப்பார். அந்த அறிமுகத்தை எடுத்துவிடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தாய், பள்ளிக்கு நடந்து வந்தாயா, பஸ்ஸா, யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், இதைச் சொன்னால் போதும். சிறப்பு விருந்தினர் சோபாவில், மற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் என்ற ஏற்பாடும் வேண்டாம்.

தலைக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம் என்று அழைப்பில் போட்டீர்களானால், அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வருகிறவருக்கு அது இரட்டைச் செலவு. கட்டணம் இல்லை, முடிந்தவர்கள் கொடுக்கலாம் என்று போடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மேடையில் படிப்பது ஏலம் விடுகிற மாதிரி ஆகிவிடும், கணக்கை குரூப்பில் மொத்தமாகப் போட்டால் சரி.

நாங்கள் தெலுங்கு மீடியம். எங்களையும் சேர்ப்பீர்களா?

இதென்ன கேள்வி! ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே வளாகத்தில் தமிழ், தெலுங்கு வகுப்புகள் அடுத்தடுத்து நடந்தன, கிருஷ்ணகிரியில் உருதுப் பள்ளிகளும் உண்டு. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்கு முன்னால் படித்தவர்களில் தமிழ் நன்றாகப் பேசினாலும் படிக்க வராதவர்கள் இருக்கிறார்கள். அழைப்பிதழை அச்சடித்து அனுப்பினால் அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒரு நிமிடம் பேசி, குரல் பதிவாக அனுப்புங்கள். அந்த பாஷை தெரிந்த வகுப்புத் தோழனே பேசினால் இன்னும் நல்லது.

எந்தத் தேதி நல்லது?

எல்லோருக்கும் தோதான தேதி என்று ஒன்று கிடையாது, யாருக்குத் தோதில்லை என்று பார்த்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். மே மாதம் பள்ளி காலியாக இருக்கும், ஆனால் கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் அது மாங்காய் சீசன், தோட்டக்காரரும் மண்டிக்காரரும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிறவர்களும் வர முடியாது. ஆடி 18 அன்று ஒகேனக்கல்லிலும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலும் கூட்டம், பஸ் கிடைக்காது. ஆவணி, தை முகூர்த்த ஞாயிறுகளில் எல்லோர் வீட்டிலும் மூன்று பத்திரிகை இருக்கும்.

காணும் பொங்கலுக்கு அடுத்த நாளோ, அந்த வார ஞாயிறோ பரவாயில்லை. வெளியூரில் இருப்பவர்கள் எப்படியும் ஊருக்கு வந்திருப்பார்கள்.

ஆசிரியர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன மரியாதை செய்வது?

நம்ம மாவட்டத்துக்குத் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, பிறகு மாறுதல் வாங்கிச் சொந்த ஊருக்குப் போன ஆசிரியர்கள் நிறைய. கூட வேலை பார்த்த இன்னொரு ஆசிரியரைப் பிடித்தால் சங்கிலி போல ஒருவர் மாற்றி ஒருவர் கிடைப்பார்கள். ஓய்வூதியர் சங்கத்திலும் கேட்கலாம்.

எண்பது வயதுக்காரரை பஸ்ஸில் வரச் சொல்லாதீர்கள், கார் அனுப்புங்கள், கூடவே ஒரு மாணவரையும் அனுப்புங்கள். வந்த பிறகு நிழலில் ஒரு நல்ல நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, யார் வந்து வணங்கினாலும் "அய்யா, இது காரிமங்கலம் செல்வி, எண்பத்தெட்டில் ஆறாவது சேர்ந்தது" என்று காதோரம் சொல்லச் சொல்லுங்கள். "என்னைத் தெரிகிறதா சார்?" என்று நாற்பது பேர் கேட்டால் அவருக்குத் தர்மசங்கடம். ஆளுக்கொரு சால்வை போர்த்தி அவரை மூச்சுத் திணற வைக்க வேண்டாம். செட் சார்பில் ஒன்று போதும்.

எல்லோருக்கும் எல்லா ஆசிரியரையும் பிடிக்கும் என்று இல்லை. பிரம்படி வாங்கி அதனாலேயே பள்ளியை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். காலில் விழு என்று யாரையும் தள்ளாதீர்கள்.

சத்துணவு ஆயாவை மறக்க வேண்டாம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவு 1984இல் பத்தாவது வரை வந்தது. மதியச் சோற்றுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! அந்த அம்மாவுக்கும், மணி அடித்த வாட்ச்மேனுக்கும் ஆசிரியருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடுங்கள்.

பழைய குரூப் போட்டோ ஒன்று கிடைத்தது. என்ன செய்யலாம்?

அட்டையிலிருந்து உரித்து எடுக்காதீர்கள், கிழிந்துவிடும். கீழே அச்சடித்திருக்கும் பெயர் வரிசையும் அட்டையோடுதான் இருக்கிறது. ஸ்டுடியோவில் கொடுத்து 600 டி.பி.ஐ.க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். வெளியே எடுத்துச் செல்ல வீட்டுக்காரர் தயங்கினால், வாசல் நிழலில் தரையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து செல்போனில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாகுமெண்டாக அனுப்புங்கள்.

பிறகு பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் எண் கொடுத்து, விழா நடக்கும் வராந்தாவில் ஒட்டி, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். கடைசி வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்பவன் யார் என்று அங்கேதான் சண்டை நடக்கும், சாப்பாட்டுக்குக்கூட வர மாட்டார்கள். போட்டோவுக்குக் காசு கொடுக்க முடியாமல் அன்று லீவு போட்டவர்களும் உண்டு, "படத்தில் இல்லாதவர்கள்" என்று நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

நினைவுகளைச் சேகரிக்கலாம் என்றால், எல்லோரும் "அது ஒரு பொற்காலம்" என்றுதான் எழுதுகிறார்கள்.

கேட்கிற விதத்தில் கேட்டால் வேறு மாதிரி வரும். "பள்ளி நினைவுகளை எழுதுங்கள்" என்று சொல்லாமல், சின்னச் சின்னதாகக் கேளுங்கள். மணி என்பது எது, தண்டவாளத் துண்டா, வெண்கல மணியா, எந்த மரத்தில் தொங்கியது? கேட்டுக்கு வெளியே கூடையில் என்ன விற்றார்கள், இலந்தை வடையா, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய் பத்தையா, எவ்வளவு காசு? மழை பெய்தால் எந்த வகுப்பு ஒழுகியது? தண்ணீர் எங்கே குடித்தீர்கள், எல்லோரும் ஒரே குடத்தில் குடிக்க முடிந்ததா? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில் சில கசக்கும். அதையும் எழுதி வைப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி, சொன்னவர் வேண்டாம் என்றால் தவிர.

எழுத வராதவர்களுக்குப் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள்.

சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா? பள்ளிக்கு என்ன செய்யலாம்?

ஒருநாள் கூடிக் கலைவதற்குப் பதிவு தேவையில்லை. தொடர்ந்து பணம் வசூலிக்கப் போகிறீர்கள் என்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள். குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு வேலையைச் செய்ய ஆள் இல்லையென்றால் சங்கம் வேண்டாம், இரண்டாம் வருடமே சண்டை வரும்.

அரசுப் பள்ளிக்கு நன்கொடை தர 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டம் இருக்கிறது, பள்ளியைத் தேர்ந்தெடுத்து இணையத்திலேயே கொடுக்கலாம். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உள்ளூரில் இருப்பவர் ஒருவர் அதில் இருந்தால் பள்ளிக்கு என்ன தேவை என்பது தானாகத் தெரியும்.

என்ன தேவை என்று தலைமை ஆசிரியரைக் கேட்காமல் எதுவும் வாங்காதீர்கள். பெயர் எழுதிய பீரோ ஏற்கெனவே மூன்று நிற்கும், பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வராது. முன்னாள் மாணவர் பெயர் போட்ட நுழைவு வளைவைவிட ஒரு மோட்டாரும் குழாயும் மேல்.

தமிழ் வழியில் படித்த சான்று வாங்கப் பள்ளிக்குப் போக வேண்டும். அதற்கு குரூப் உதவுமா?

நேராகப் பள்ளிக்கே போங்கள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டப்படி உண்டு, 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும், ஆகவே தொடக்கப் பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும். பழைய சேர்க்கை எண் டி.சி.யில் இருக்கும், அதைக் கொண்டுபோனால் பதிவேட்டில் தேடுவது சுலபம். போகிற போக்கில் செட் பட்டியலுக்கான கடிதத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வருகிறது.

வரும். கட்சி, சாதி, மதம், சீட்டு, ரியல் எஸ்டேட் மனை விளம்பரம், இந்த ஐந்தும் கூடாது என்று முதல் நாளே எழுதி வையுங்கள். அட்மின் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். விழா நெருங்கும்போது அட்மின் மட்டும் பதிவிடுகிற மாதிரி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தேதியும் நேரமும் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும்.

சாப்பாடு?

ராகிக் களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம், சோறு, குழம்பு. களியைப் பார்த்ததும் பெங்களூர்க்காரர்கள் போட்டோ எடுப்பார்கள், ஊர்க்காரர்கள் "இதத்தானே தினமும் திங்கிறோம், பிரியாணி போடக் கூடாதா" என்பார்கள். இரண்டும் போடுங்கள். பந்தியில் ஊர்வாரியாக உட்காருவதைத் தடுக்க, பழைய வகுப்புப் பிரிவுப்படி இலை போடலாம்.

எம்.எல்.ஏ.வைக் கூப்பிடலாமா?

அவர் அந்த செட்டில் படித்திருந்தால் கூப்பிடுங்கள், பெஞ்சில் உட்காரட்டும். படிக்கவில்லை என்றால் வேண்டாம். அவர் வரும்வரை விழா தொடங்காது, மூன்று மணி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் பேசாமலே கிளம்பிவிடுவார்கள்.